பௌத்தம் சார்ந்த உளச் சிகிச்சை பயிலும் மாணவர்களுக்குக் குழுப் பயிற்சி நடத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கவுன்சலிங் படிக்கும் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, பாடம் நடத்தாமல், தலைப்பும் கொடுக்காமல், "இப்போது நமக்குள் என்ன நடக்கிறதோ அதைப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் ஒரு தவிப்பு கிளம்பும். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருவர் ஜோக் அடிப்பார். இன்னொருவர் "எல்லோரும் அறிமுகம் செய்துகொள்ளலாமா?" என்று பொறுப்பைக் கையில் எடுப்பார். பிராசஸ் குரூப் என்று சொல்லப்படும் இந்தப் பயிற்சிக்கு அந்தத் தவிப்புதான் பாடப்பொருள்.

மாணவர்கள் தியானம் பழகியவர்களாக இருந்தால் இதில் ஒரு சிக்கல் கூடுகிறது. தவிப்பு வந்ததும் மூச்சைக் கவனித்து அமைதியாகிவிட அவர்களுக்குத் தெரியும். அந்த அமைதி சில சமயம் நிஜமாகவே பார்த்ததால் வந்தது. சில சமயம் பார்க்காமல் தப்பிப்பதற்காக வந்தது. இரண்டையும் பிரித்தறிய மாணவருக்கு உதவுவதே இந்தக் குழுவை நடத்துபவரின் முதல் வேலை என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே வரும்.

படி 1: எதற்காக இந்தக் குழு என்று தீர்மானியுங்கள்

இந்தப் பயிற்சி முறைக்குப் பின்னால் 1946இல் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. உளவியலாளர் கர்ட் லெவின் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பயிலரங்கம் நடத்தினார். பகலில் குழுக்கள் எப்படி நடந்துகொண்டன என்று மாலையில் ஆய்வாளர்கள் கூடிப் பேசுவார்கள். சில பங்கேற்பாளர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். தங்களைப் பற்றிச் சொல்லப்பட்டதைக் கேட்டு, "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று மறுத்துப் பேசத் தொடங்கினார்கள். பகல் வகுப்புகளைவிட அந்த வாக்குவாதத்தில்தான் எல்லோரும் அதிகம் கற்றார்கள். அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தல் நகரில் தொடங்கிய 'டி-குரூப்' (டிரெய்னிங் குரூப், அதாவது பயிற்சிக் குழு) அதிலிருந்து பிறந்தது. ஒரு குழு தன்னையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது.

பௌத்தம் சார்ந்த சிகிச்சைப் பயிற்சிகள் இதைத் தங்கள் போக்கில் எடுத்துக்கொண்டன. திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யம் துருங்பா 1974இல் அமெரிக்காவில் நிறுவிய நரோபா பல்கலைக்கழகத்திலும் சரி, மோரா சில்ஸ் உருவாக்கிய 'கோர் பிராசஸ்' என்னும் உளச் சிகிச்சை முறையிலும் சரி, தியானமும் மனித உறவும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள். தனியே உட்காரும்போது மனத்தைப் பார்க்கிறோம். குழுவில் உட்காரும்போது, மற்றவர்கள் முன்னால் அந்த மனம் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம்.

இது சிகிச்சைக் குழு அல்ல என்பதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். மாணவர்கள் தங்கள் குழந்தைப் பருவக் காயங்களை ஆற்றிக்கொள்ள இங்கே வரவில்லை. உறவில் தங்களுக்கு உள்ள பழக்கங்களைக் காணவும், பிறர் கண்ணுக்குத் தெரிவதைத் தாங்கவும், இன்னொருவரின் வலியை உடனே சரிசெய்யப் பாயாமல் அதன் பக்கத்தில் இருக்கவும் வருகிறார்கள். பழைய காயம் கிளம்பத்தான் செய்யும். அதை ஆற்ற வேறு இடம் உண்டு, அதாவது அவரவரின் தனிப்பட்ட சிகிச்சை. அந்த வசதி இல்லாத மாணவர்களை வைத்துக்கொண்டு ஆழமான குழு நடத்தாதீர்கள்.

படி 2: வேலியைப் போடுங்கள்

எட்டு முதல் பத்துப் பேர். வாரம் ஒரு முறை, தொண்ணூறு நிமிடம், அதே அறை, அதே நேரம். குறைந்தது ஒரு கல்விப் பருவம் முழுக்க. நடுவில் புதியவரைச் சேர்க்க வேண்டாம். முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து நடத்துங்கள். ஒருவர் மேல் குழுவின் கோபம் திரும்பும்போது மற்றவர் அதைப் பார்த்துப் பேச முடியும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒன்று, மதிப்பெண். குழுவை நடத்துபவரே தேர்ச்சியையும் முடிவு செய்தால் மாணவர்கள் உண்மை பேச மாட்டார்கள், உண்மை பேசுவதுபோல் நடிப்பார்கள். வருகைப் பதிவை மட்டும் கல்லூரிக்குக் கொடுங்கள். மாணவர் எழுதும் சிந்தனைக் குறிப்பை வேறொரு ஆசிரியர் மதிப்பிடட்டும். அதிலும் குழுவில் பிறர் சொன்னது எதுவும் இடம்பெறக் கூடாது.

மற்றது ரகசியம். "இங்கே பேசியது இங்கேயே" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள், மாணவர் தொழிலுக்கே தகுதியற்ற முறையில் நடந்துகொண்டால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப். அமர்வு முடிந்ததும் மூன்று பேர் தனிக் குழு தொடங்கி அங்கே பேச்சைத் தொடர்ந்தால், அடுத்த வாரம் அறையில் பேச ஒன்றும் மிஞ்சாது. வெளியே பேசுவதைத் தடுக்க முடியாது. ஆனால் பேசினால் அதை வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

படி 3: ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள்

முதல் அமர்வுக்கு முன் ஒவ்வொரு மாணவரோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். முன்பு இருந்த குழுக்களில் நீங்கள் என்னவாக ஆனீர்கள்? சமாதானம் செய்பவரா, ஓரத்தில் இருப்பவரா, எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுபவரா? தியானத்தில் உட்காரும்போது உடலில் என்ன நடக்கிறது? சமீபத்தில் பெரிய இழப்பு ஏதாவது? தற்போது சிகிச்சையில் இருக்கிறீர்களா?

தியானம் பற்றிய கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கடுமையான அதிர்ச்சியைச் சந்தித்த சிலருக்குக் கண்ணை மூடி மூச்சில் கவனம் வைப்பதே பீதியைக் கிளப்பும். அவர்கள் கண்ணைத் திறந்து வைக்கலாம், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், அறையின் ஒலிகளைக் கேட்கலாம். இதைத் தனியாகவே சொல்லிவிட்டால் குழுவில் யாரும் சங்கடப்பட வேண்டியிருக்காது.

பௌத்த நம்பிக்கை இல்லாத மாணவரும் இருப்பார். எதையும் நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான் என்று தெளிவுபடுத்துங்கள். "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று குழுவில் சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலும் குழுவுக்கு மிகவும் தேவையான குரல் அவருடையதாகவே இருக்கும்.

படி 4: முதல் அமர்வில் குறைவாகச் செய்யுங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். வேலிகளை நினைவூட்டுங்கள். பேசுவதற்கு ஒரு சின்னப் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். கிரெகரி கிரேமர் வளர்த்தெடுத்த 'இன்சைட் டயலாக்' என்னும் உரையாடல் தியானத்தில் ஆறு வழிகாட்டுதல்கள் உண்டு: சற்று நின்று நிதானிப்பது, தளர்வது, திறப்பது, அந்தக் கணத்தில் எழுவதோடு இசைந்து போவது, ஆழ்ந்து கேட்பது, உண்மையைப் பேசுவது. முதல் நாளே ஆறையும் கொடுக்க வேண்டாம். நின்று நிதானிப்பது மட்டும் போதும். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு, பேசி முடித்தபின் ஒரு மூச்சு.

அதற்கு மேல் நீங்கள் அமைதியாக இருக்க வேண்டும். மாணவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், "அடுத்து என்ன சார்?" என்று கேட்பார்கள். குழு தன்னால் எதுவும் முடியாது என்பதுபோல் தலைவரையே நம்பித் தொங்கும் இந்த நிலையைப் பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வில்பிரட் பியோன் 'சார்ந்திருத்தல்' என்றார். சண்டையிடுவது அல்லது ஓடுவது, இருவர் ஜோடி சேர்ந்து தங்களைக் கரையேற்றுவார்கள் என்று காத்திருப்பது ஆகியவை அவர் சொன்ன மற்ற இரண்டு நிலைகள். பௌத்தச் சூழலில் சார்ந்திருத்தல் கூடுதல் வலுவோடு வரும். நடத்துபவரைக் குருவாக்கிவிடுவார்கள். அது உங்களுக்கும் கொஞ்சம் இதமாகவே இருக்கும், அதனால்தான் அதில் கவனம் தேவை. "நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறோம்போல் இருக்கிறது. காத்திருக்கும்போது உங்களுக்குள் என்ன ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி அமைதியாகுங்கள்.

படி 5: உள்ளே, வெளியே, இரண்டும்

இரண்டாவது வாரத்திலிருந்து அமர்வுக்கு ஒரு நடை வேண்டும். என் பரிந்துரை: பத்து நிமிட அமைதி, ஒரு மணி நேரம் திறந்த குழு, கடைசி இருபது நிமிடம் நடந்ததைப் பின்னோக்கிப் பார்ப்பது.

திறந்த குழுவுக்கு, விழிப்புணர்வுப் பயிற்சி பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தில் அருமையான ஒரு வழிகாட்டல் கிடைக்கிறது. உடல், வேதனா (அனுபவத்தின் சுவை), மனம், தம்மங்கள் (மனத்தில் எழும் நிகழ்வுகள்) ஆகிய நான்கையும் உள்ளே கவனி, வெளியே கவனி, உள்ளேயும் வெளியேயும் கவனி என்கிறது அது. தியான வகுப்புகளில் 'உள்ளே' என்பதோடு நின்றுவிடுவோம். குழுப் பயிற்சி மற்ற இரண்டுக்கும் இடம் தருகிறது.

நடைமுறையில் இப்படி இருக்கும். ஒரு மாணவி தன் அப்பாவின் உடல்நிலை பற்றிப் பேசுகிறாள். 'உள்ளே' பார்த்தால் உங்கள் மார்பில் ஓர் இறுக்கம். 'வெளியே' பார்த்தால் எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார், பக்கத்தில் இருப்பவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்துகிறார், பேசுபவரின் குரலோ செய்தி வாசிப்பதுபோல் தட்டையாக இருக்கிறது. 'இரண்டும்' பார்த்தால் ஒன்று புரியும்: அவள் உணராமல் ஒதுக்கிய துக்கத்தை அறையே பங்கு போட்டுச் சுமக்கிறது. இதை அறிவிப்பாகச் சொல்லிவிடாதீர்கள். "இதைக் கேட்கும்போது உங்கள் உடலில் என்ன நடக்கிறது?" என்று மற்றவர்களிடம் கேட்டால் போதும். இரண்டு பேர் பதில் சொல்வதற்குள் பேசியவளின் குரல் மாறிவிடும்.

இங்கே மிகவும் கைகொடுப்பது வேதனா. அது இனிமை, இனிமையின்மை, இரண்டுமில்லாதது என்ற அனுபவத்தின் முதல் சுவை. மாணவர்கள் கோபம், வெறுப்பு, ஏமாற்றம் என்று பெரிய பெயர்களுக்குத் தாவுவார்கள், அப்படியே கதைக்குப் போய்விடுவார்கள். "அவர் பேசியது இனிமையாக இருந்ததா, இல்லையா?" என்ற கேள்வி அவர்களைக் கதை தொடங்குவதற்கு முந்தைய இடத்துக்கு அழைத்து வரும். அங்கிருந்து பேசும்போது குற்றச்சாட்டு குறையும்.

படி 6: எப்போது குறுக்கிடுவது

குழுவை நடத்துபவரை, குழு உளப்பகுப்பாய்வின் முன்னோடியான எஸ். எச். ஃபூக்ஸ் 'கண்டக்டர்' என்று அழைத்தார், இசைக்குழுவை நடத்துபவரின் பொருளில். வாத்தியம் வாசிப்பது மற்றவர்கள். நான் பின்பற்றும் விதி எளிது: அறைக்கு வெளியே போகும் பேச்சை அறைக்குள் கொண்டுவரத்தான் குறுக்கிடுவேன். குழுச் சிகிச்சை பற்றி எழுதிய அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் வலியுறுத்திய 'இங்கே, இப்போது' இதுதான்.

"என் பழைய ஆபீஸில் எல்லோரும் என்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், "இங்கே யார் உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். "சிலருக்கு இது கஷ்டமாக இருக்கும்" என்றால், "உங்களுக்கு?" என்று கேளுங்கள். ஒருவர் மற்றவரைப் பற்றி உங்களிடம் சொன்னால், "அவரைப் பார்த்தே சொல்லுங்கள்". நீளமான விளக்கம் எதுவும் தேவைப்படாது. உங்கள் குறுக்கீடு இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் அது பாடமாகிவிடும்.

அறிவுரை மழை பொழியும்போதும் நிறுத்த வேண்டும். கவுன்சலிங் மாணவர்கள் ஒருவரையொருவர் வாடிக்கையாளராக்கிப் பயிற்சி எடுக்கத் துடிப்பார்கள். "இப்போது இங்கே ஒரு கவுன்சலரும் ஒரு வாடிக்கையாளரும் உருவாகிவிட்டார்கள். கவுன்சலராக மாறாமல் இருந்திருந்தால் உங்களுக்கு என்ன உணர்வு வந்திருக்கும்?" என்று கேட்டால் போதும்.

படி 7: தம்மத்துக்குள் ஒளிந்துகொள்ளும்போது

இதுதான் கடினமான படி. ஜான் வெல்வுட் என்ற உளச் சிகிச்சையாளர் 1984இல் 'ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். தீர்க்கப்படாத உளச் சிக்கல்களைத் தொடாமல், ஆன்மிகக் கருத்துகளைப் பயன்படுத்திச் சுற்றிக்கொண்டு போய்விடுவது. தியானிகள் நிறைந்த குழுவில் இது தினமும் நடக்கும், அதுவும் மிகவும் மரியாதையான முகத்தோடு.

"எனக்குக் கோபம் இல்லை, அது எழுந்து மறைவதைப் பார்த்தேன்." "எல்லாம் அநித்தியம்தானே." "அவரிடம் கருணையோடுதான் இருக்கிறேன்." ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கலாம். கேட்பவருக்கு ஏன் சில்லென்று இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்கு ஒரு கூர்மையான கருவி இருக்கிறது. மேத்தா (அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கை (சமநிலை) என்ற நான்குக்கும் நேர் எதிரான தூரத்து எதிரி ஒன்று, அருகில் உள்ள எதிரி ஒன்று என்கிறார். உபேக்கையின் அருகில் உள்ள எதிரி அறியாமையில் பிறந்த அக்கறையின்மை. கருணைக்கு அருகில் உள்ள எதிரி துயரம். மேத்தாவுக்குப் பற்று. அருகில் உள்ள எதிரி நண்பனைப் போலவே இருக்கும், அதனால்தான் அடையாளம் காண்பது கஷ்டம். இதை ஒரு வகுப்பில் முன்னதாகவே கற்றுக்கொடுத்துவிட்டால், குழுவில் "இது உபேக்கையா, அதன் பக்கத்து வீட்டுக்காரரா?" என்று சிரித்தபடி கேட்க ஒரு பொதுவான மொழி கிடைக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'பைபாஸிங்' என்ற சொல்லையே ஆயுதமாக்கும் மாணவர் வருவார். அமைதியாக இருக்கும் எவரையும் "நீ தப்பிக்கிறாய்" என்று குத்துவார். அமைதி போலியா, நிஜமா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை யாருக்கும் இல்லை, உங்களுக்கும்தான். உடலிலும் உறவிலும் சோதித்துப் பார்க்கலாம். அமைதியாக இருப்பவரிடம் "இப்போது உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன?" என்று கேளுங்கள். எதிரே இருப்பவரிடம், "அவர் அமைதியாக இருக்கும்போது அவருக்கு நெருக்கமாக உணர்கிறீர்களா, தள்ளிப்போனதாக உணர்கிறீர்களா?" என்று கேளுங்கள். நிஜமான உபேக்கையின் பக்கத்தில் மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். போலி என்றால் அவர்கள் தனித்து விடப்பட்டதாக உணர்வார்கள். இது முழு நிச்சயமான சோதனை இல்லை, இருந்தாலும் விவாதம் செய்வதைவிட மேல்.

நிலையான 'நான்' என்று ஒன்று இல்லை என்னும் அனத்தா கோட்பாடும் அடிக்கடி இங்கே வந்து நிற்கும். "நான் என்று ஒன்று இல்லாதபோது யாருக்கு வலிக்கிறது?" என்று ஒருவர் சொன்னால் தத்துவ விவாதத்தில் இறங்க வேண்டாம். பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் அவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில் கொஞ்ச நேரம் இருங்கள்.

படி 8: சண்டை, மௌனம், பலியாடு

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் குழு வளர்ச்சியை உருவாகுதல், கொந்தளித்தல், ஒழுங்காகுதல், செயல்படுதல் என்று நான்காகச் சொன்னார். நிஜக் குழுக்கள் அவ்வளவு வரிசையாகப் போகாது. ஆனாலும் கொந்தளிப்பு வராமலே ஒரு குழு இனிமையாக ஓடினால் சந்தேகப்படுங்கள். பௌத்தப் பயிற்சிக் குழுக்களில் அது தாமதமாகவே வரும், ஏனென்றால் 'நல்ல பேச்சு' என்பதை எல்லோரும் 'இனிக்கும் பேச்சு' என்று புரிந்துகொண்டிருப்பார்கள்.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் நல்ல பேச்சுக்கு ஐந்து அடையாளம் தருகிறது: காலம் அறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயன் தருவது, அன்பு மனத்தோடு சொல்லப்பட்டது. 'உண்மையானது' அதில் ஒன்று என்பதைக் குழுவுக்கு நினைவூட்டுங்கள். மென்மைக்காக உண்மையை விட்டுவிட்டால் ஐந்தில் ஒன்று போய்விட்டது.

கோபம் ஒரே ஆள் மேல் குவியும்போது தயங்காமல் உள்ளே போங்கள். தாமதமாக வருபவர், அதிகம் பேசுபவர், வேறு நம்பிக்கை உள்ளவர் என யாராவது ஒருவர் குழுவின் சங்கடம் முழுவதையும் சுமக்க வைக்கப்படுவார். "இவர் பேசும் விஷயம் இங்கே வேறு யாருக்குள்ளும் கொஞ்சமாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு கை உயர்ந்தால் போதும், அவர் தனி ஆள் இல்லை.

மௌனத்தைப் பொறுத்தவரை, எல்லா மௌனமும் ஒன்றல்ல என்பதை உடல்களே காட்டும். முழங்கால்கள் ஆடும் மௌனத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தோள்கள் தளர்ந்த மௌனத்தை உடைக்காதீர்கள்.

படி 9: ஒருவர் உறைந்துபோனால்

கண்கள் ஓரிடத்தில் நிலைத்துவிடுவது, குரல் எங்கோ தூரத்தில் இருந்து வருவது, மூச்சு மேலோட்டமாவது, முகம் வெளிறுவது. இவை தெரிந்தால் "அந்த உணர்வோடு இருங்கள்" என்று சொல்லவே கூடாது. ஆழ்ந்த உணர்வு என்று நினைத்து ரசிக்கும் ஆபத்து இங்கே உண்டு. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். அறையில் இருக்கும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள், பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். அவர் திரும்பியதும் என்ன நடந்தது என்று விவரிக்க வற்புறுத்த வேண்டாம். இணை நடத்துநர் இருந்தால் ஒருவர் அவரோடு வெளியே போகலாம், மற்றவர் குழுவோடு இருக்கலாம். அன்றே தனியே பேசுங்கள்.

படி 10: ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லும் அமர்வு

பருவத்தின் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு இதை வையுங்கள். பிக்குகள் மழைக்கால மூன்று மாதம் ஒன்றாகத் தங்கி முடித்ததும் பவாரணை என்ற சடங்கு நடத்துவார்கள். ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் கண்டது, கேட்டது, சந்தேகித்தது எதுவானாலும் இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுங்கள் என்று தானே அழைப்பார். மூத்தவர் முதலில். புத்தரே தன் சொல்லிலும் செயலிலும் குறை உண்டா என்று கேட்டதாக சூத்திரம் ஒன்று சொல்கிறது.

இதில் இரண்டு நுட்பம். கருத்து திணிக்கப்படுவதில்லை, கேட்பவர் அழைத்த பிறகே வருகிறது. அதிகாரத்தில் இருப்பவர் முதலில் உட்காருகிறார். ஆகவே நீங்கள் தொடங்குங்கள்: "இந்தக் குழுவை நான் நடத்திய விதத்தில் உங்களுக்கு எது உதவவில்லை?" பதில் வரும்போது விளக்கம் கொடுக்காமல் கேளுங்கள். நன்றி சொல்லி நகருங்கள். அப்போதுதான் மாணவர்கள் அதை நம்புவார்கள்.

ஒருவருக்குக் கருத்துச் சொல்பவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும், பிறகு அது தன்னுள் ஏற்படுத்தியதைச் சொல்ல வேண்டும். "நீ ஆணவக்காரன்" என்பது தீர்ப்பு. "நான் பேசி முடிப்பதற்குள் நீ மூன்று முறை குறுக்கிட்டாய், நான் சுருங்கிப்போனேன்" என்பது கருத்து. வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

படி 11: உங்களை யார் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் உடனே கால் மணி நேரம் எழுதுங்கள். யார் மேல் பிரியம் வந்தது, யார் பேசும்போது சலிப்பு, யாரை மறந்தே போனேன். மறந்துபோனவர் பெயரை அடுத்த வாரம் மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். மாதம் ஒரு முறையாவது, இந்தக் கல்லூரியில் வேலை பார்க்காத ஒரு மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். சொந்தத் தியானப் பழக்கம் இதற்கு மாற்று ஆகாது. தியானத்தில் உங்கள் மனத்தை நீங்களே பார்க்கிறீர்கள்; உங்களுக்குத் தெரியாத மூலை எது என்பதை இன்னொருவர்தான் சொல்ல முடியும்.

படி 12: முடிப்பது

டக்மன் 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து ஐந்தாவதாகக் 'கலைதல்' என்ற கட்டத்தைச் சேர்த்தார். கடைசி நாளை நான்கு வாரம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். சொன்னதும் சிலர் வராமல் போவார்கள், சிலர் பழைய சண்டையைத் திரும்பக் கிளப்புவார்கள், "வெளியே சந்திக்கலாம்" என்று திட்டம் போடுவார்கள். எல்லாமே பிரிவைத் தொடாமல் இருக்கும் வழிகள். கடைசி அமர்வில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் பார்த்து, பெற்றுக்கொண்டது ஒன்றும் சொல்லாமல் விட்டது ஒன்றும் சொல்லட்டும். பத்துப் பேர் என்றால் தொண்ணூறு நிமிடம் பத்தாது, அந்த ஒரு நாளைக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் உங்கள் குறிப்புகளில் மாணவர் பெயர்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். தனிச் சிகிச்சை தேவைப்படும் மாணவர் யாராவது இருந்தால், பருவம் முடிவதற்குள் அவரோடு உட்கார்ந்து யாரிடம் போகலாம் என்று முடிவு செய்துவிடுங்கள்.